வீட்டுக்கு வராத குரல்

எங்கள் பள்ளியில் பொழுது விடிவது தலைமையாசிரியையின் வாட்ஸ்அப் அப்டேட்டோடுதான். நான் குக்கரை அடுப்பில் ஏற்றும் நேரத்துக்குச் சரியாக ஃபோன் அதிரும். இன்று யார் விடுப்பு, அவர் வகுப்பை யார் பார்ப்பது, டெல்லிப் புகை எப்படி, அசெம்பிளி மைதானத்திலா வகுப்பறையிலா, எந்தப் பெற்றோர் எதற்குச் சண்டைக்கு வந்தார், எல்லாம் அதில் இருக்கும். அதன் கீழே ஒவ்வொருவராகக் கைகூப்பும் படத்தைப் போடுவார்கள். நான் போடமாட்டேன். படித்துவிட்டேன் என்பதற்கு நீலக் கோடு விழுந்திருக்கிறதே, அதற்கு மேல் கும்பிடு எதற்கு என்பது என் கட்சி. இதனால் எனக்குத் திமிர் என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் திமிர்தான்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் வந்த அப்டேட், புகை காரணமாக மைதானம் மூடல் என்று ஆரம்பித்தது. நீல நிறம் தவிர வேறு ஸ்வெட்டர் போட்டு வரும் பிள்ளைகளைக் கண்டிக்கவும் என்று முடிந்தது. இரண்டுக்கும் நடுவில் இப்படி இருந்தது: ஒன்றாம் வகுப்பு ஆசிரியைக்குக் குளிர்கால விடுமுறையில் தொண்டையில் அறுவை சிகிச்சை. விடுமுறை முடிந்ததும் அந்த வகுப்புக்குப் புதிய ஆசிரியை வருவார். அனைவரும் பிரார்த்திப்போம். வழக்கம்போலக் கைகள் வரிசையாகக் கூப்பப்பட்டன. அறுவை சிகிச்சைக்காகக் கூப்பினார்களா, ஸ்வெட்டருக்காகக் கூப்பினார்களா என்று கண்டுபிடிக்க வழியில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஃபோனை மாவு டப்பா மேல் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

எனக்கு அது புதுச் செய்தி இல்லை. ஒன்றாம் வகுப்பு அக்காவும் இரண்டாம் வகுப்பு நானும் பக்கத்துப் பக்கத்து அறை. நடுவில் ஒரு கதவு. அதை நாங்கள் சாத்துவதே இல்லை. யாராவது ஒருவர் ஆபீசுக்குப் போனால் மற்றவர் கதவருகே நின்று இரண்டு வகுப்பையும் பார்த்துக்கொள்ளலாம். நான் கல்யாணமாகி மேற்கு டெல்லிக்கு வந்து இந்தத் தமிழ்ப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம்தான் இருக்கிறார். திருநெல்வேலிக்காரர். கணவரின் மத்திய அரசு உத்தியோகத்தோடு டெல்லி வந்தவர். இத்தனை வருடம் இங்கே இருந்தும் ஊர்ப்பேச்சில் ஒரு எழுத்தைக்கூட யமுனையில் விட்டுவிடவில்லை. ஒன்றாம் வகுப்புக்கு வரும் டெல்லிக் குழந்தைகள் மார்ச் மாதம் வெளியே போகும்போது 'வாரேன் டீச்சர்' என்று சொல்லிக்கொண்டு போவதைப் பார்த்து அவர்களுடைய அம்மாக்களே சிரிப்பார்கள்.

போன குளிர்காலத்தில் அவருக்குத் தொண்டை கட்டியது. டெல்லியில் தீபாவளிக்குப் பிறகு தொண்டை கட்டாதவர் யார்? ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேர் கரகரப்பு, மீதிப் பேர் இருமல். வெந்நீர், அதிமதுரம், ஒருவர் மாற்றி ஒருவர் சிபாரிசு செய்யும் கஷாயம். அவருடைய கரகரப்பும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டது. மற்றவர்களுக்கெல்லாம் ஹோலிக்குள் சரியாகிவிட்டது. அவருக்கு ஆகவில்லை. புகை உடம்பில் தங்கிவிட்டது என்றோம். கோடை வந்தது, ஏசியால் என்றோம். இந்த ஊரில் இருப்பவர்களுக்கு எல்லா வியாதிக்கும் ஒரே காரணம் கைவசம் இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம். டாக்டரிடம் போகச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்கே தோன்றவில்லை.

அக்டோபரில் தண்ணீர் விழுங்க வலித்தபிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்துப் புற்று என்றார்கள். மாடிப்படியில் என்னை நிறுத்தி, மாஸ்க்கைக் கீழே இறக்கி, அவர் சொன்னார்.

"குரல்வளையையே எடுக்கணுமாம்."

"எடுத்தா அப்புறம் எப்படிக்கா?"

"எப்படின்னா, மூச்சு இங்கன வழியா வருமாம்." கழுத்துக் குழியில் விரலை வைத்தார். "பேச்சு வராது. கழுத்துல வச்சுப் பேசுதுக்கு மெசினு இருக்காம். அது மெசினு குரல்லா."

எனக்கு அழுகை வந்தது. அவர் மேல் படியில் நின்றுகொண்டு, வகுப்பில் பிள்ளைகளை அதட்டுவதுபோல, "ஏட்டி, மணி அடிச்சாச்சு, போ" என்றார்.

ஆஸ்பத்திரியில் கிடைத்த தேதி குளிர்கால விடுமுறையின் முதல் வாரத்தில் வந்து விழுந்தது. லீவு மிச்சம் என்று அவரே வேடிக்கையாகச் சொன்னார். டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். பேசினாலும் பேசாவிட்டாலும் நோயின் போக்கு ஒன்றுதான்; வலி இல்லாதவரை பேசிக்கொள்ளலாம். ஆனால் அவருக்கு நாள் முழுவதும் பேச வரவில்லை. காலையில் எழுந்ததும் தொண்டையில் கொஞ்சம் குரல் இருக்கும். செலவழிக்கச் செலவழிக்கக் குறைந்து, மத்தியானத்துக்குள் வெறும் காற்றாகிவிடும். மறுநாள் காலைதான் மறுபடி.

அந்தக் காலைக் குரலை அவர் அப்படியே பள்ளிக்குக் கொண்டுவந்தார். வீட்டில் வாய் திறப்பதில்லை. துவாரகாவிலிருந்து மெட்ரோவில் வரும்போது மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, யாராவது தெரிந்தவர் பேச்சுக் கொடுத்தால் தலையை மட்டும் ஆட்டுவார். வாசலில் எனக்கும் தலையாட்டல்தான். வகுப்புக்குள் போய், ரெஜிஸ்டரைத் திறந்து, முதல் பிள்ளையின் பெயரைக் கூப்பிடும்போதுதான் அன்றைய முதல் வார்த்தை வெளியே வரும். மற்ற வகுப்புகளில் 'ப்ரெசென்ட் மேம்' என்றால், அவர் வகுப்பில் மட்டும் 'உள்ளேன் டீச்சர்'. ஒவ்வொரு பெயரையும் முழுசாக, இனிஷியலோடு கூப்பிடுவார். கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கு அது உலர்ந்த இலையைத் துடைப்பத்தால் தள்ளுவதுபோலக் கேட்கும். நான் என் ரெஜிஸ்டரை அப்புறம்தான் திறப்பேன்.

வருகைப் பதிவு முடிந்ததும் வாசிப்பு. ஒன்றாம் வகுப்பில் டிசம்பர் ஒரு முக்கியமான மாதம். ஏப்ரலில் வரும் பிள்ளைகளில் பாதிக்கு வீட்டிலேயே ஹிந்திதான். அண்ணன் தம்பி சண்டை ஹிந்தியில், கார்ட்டூன் ஹிந்தியில், அம்மாவிடம் மட்டும் பிய்த்துப் போட்டதுபோல் நாலு தமிழ் வார்த்தை. எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருப்பவை டிசம்பர் வாக்கில்தான் எழுத்துகளைச் சேர்த்து ஒரு முழு வரியை வாசிக்கும். அதற்கு முன்னால் டீச்சர் வாசிக்க வேண்டும், அது காதில் விழ வேண்டும், திரும்பச் சொல்ல வேண்டும். அதற்கு ஆடியோ, வீடியோ எல்லாம் ஸ்மார்ட் போர்டில் இருக்கிறது. அக்காவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. சொல்லித்தரும் வாயைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பார். அதற்காக மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பெஞ்சாகக் குனிந்து, முகத்துக்கு முகம் வாசித்துக் காட்டினார்.

பிள்ளைகள் இதற்கெல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கவில்லை. முதல் வாரம், "மேம், ஜோர்சே பேசுங்க, கேக்கல" என்று கத்தினார்கள். அப்புறம் தாங்களாகவே சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். டீச்சர் மெதுவாகப் பேசினால் தாங்களும் மெதுவாகப் பேச வேண்டும் என்று அவர்களாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, வகுப்பே குசுகுசுவென்று நடந்தது. ஒரு பெண் குழந்தை தன் பையிலிருந்து இருமல் மிட்டாய் எடுத்துக் கொடுத்துவிட்டு, "மேம், உங்க ஆவாஸ் எங்க போச்சு?" என்று குரலை விசாரித்தாள்.

"குளுருதுன்னு ரஜாய்ப் போர்வைக்குள்ள போயி படுத்துக்கிட்டு" என்றார் அக்கா.

"எப்போ எந்திரிக்கும்?"

அவர் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். நான் கதவருகே இருந்து நகர்ந்து வந்துவிட்டேன்.

அந்த அறுவை சிகிச்சை அப்டேட் வந்த அன்றோ மறுநாளோ, பள்ளி விட்டபிறகு வாசலில் அவர் கணவர் நின்றுகொண்டிருந்தார். பணி ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர். அக்காவுக்கு அன்று ஆபீசில் ஏதோ கையெழுத்து வேலை, அதனால் நான் முதலில் வெளியே வந்தேன். அதைத்தான் எதிர்பார்த்திருந்தார் போல. மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"டீச்சர், நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். நீங்க சொன்னா கேப்பா."

"என்ன சார்?"

"காலையில கிளம்பும்போது தலையத்தான் ஆட்டுதா. சாயந்தரம் வந்தாலும் தலையத்தான் ஆட்டுதா. காப்பி வேணுமான்னு கேட்டா விரலக் காட்டுதா." அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்கிட்ட ஒண்ணும் பெருசா பேச வேண்டாம். திட்டவாச்சும் செய்யலாம்லா. இன்னும் கொஞ்ச நாளுதானே டீச்சர். அதுக்குப் பொறவு எங்க போயி கேக்க?"

அவர்கள் பெண் பெங்களூரில் இருந்து தினமும் ஃபோன் செய்கிறாளாம். அம்மாவைக் கூப்பிடு என்கிறாளாம். மாலையில் அம்மாவிடம் ஃபோனைக் கொடுத்தால் இந்தப் பக்கம் காற்றுச் சத்தம்தான். ஸ்கூலை இப்போதே நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கச் சொல்லுங்கள் என்றார். எதிரே வேர்க்கடலை வறுக்கிறவன் சட்டியைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தான். நான் சரி, சொல்கிறேன் என்றேன்.

உண்மையில் எனக்கு அக்கா மேல் கோபம்தான் வந்தது. ஊரான் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லித்தர இருக்கிற குரலையெல்லாம் கொட்டிவிட்டு, கட்டினவருக்கு விரலைக் காட்டுவது என்ன நியாயம்? மறுநாள் சாப்பாட்டு வேளையில் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஹீட்டர் வைக்கக்கூடாது என்று அப்டேட் உண்டு. அதனால் ஹீட்டரை மேஜைக்கு அடியில் வைத்து, மேஜைவிரிப்பைக் கீழே வரை இழுத்துவிட்டிருப்போம். எல்லோரும் அதற்குள் காலை நீட்டிக்கொண்டு சாப்பிடுவோம். மற்றவர்கள் எழுந்துபோகும் வரை காத்திருந்து ஆரம்பித்தேன்.

"சார் வந்தாங்க. ரொம்ப மனசு விட்டுப் பேசினாங்க. நீங்க பண்றது சரியில்லக்கா."

அவருக்கு அந்த நேரத்தில் குரல் இருக்காது. தயிர்சாதத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். டப்பாவை மூடி வைத்துவிட்டு, என் காதருகே வந்து, காற்றிலேயே பேசினார்.

"அவிய முப்பது வருசத்துக்கு மேல கேட்டாச்சு. இதுகளுக்கு ஏப்ரல்லேந்துதானே."

"அது ஒரு பதிலா?"

மேஜைக்கடியில் ஹீட்டர் ஒரு பக்கக் காலை மட்டும் சுட்டுக்கொண்டிருந்தது.

"வீட்ல நான் வாயத் தொறந்தா அவிய அழுதாவ" என்றார். "உப்பு போதுமான்னு கேட்டாலும் கண்ணு நெறஞ்சுருது. மவ ஃபோன்ல அழுதா. நான் பேசுதத ரெக்கார்டு பண்ணணும்னு ஃபோன எடுத்து எம்முன்னால வச்சாவ. என்னத்தப் பேச? சாவு வீட்டுல உக்காந்துருக்க மாதிரி இருக்கு. இங்கன வந்தா, கேக்கல, சத்தமா பேசுன்னு கத்துதுவ. இங்க நான் டீச்சர். அங்க நான் சீக்காளி. எனக்கு இங்கனதான் பேச வருது, என்ன செய்ய?"

நியாயம் கேட்கப் போனவள் டிபன் டப்பாவைக் கழுவ எழுந்துவிட்டேன். குழாய்த் தண்ணீர் கையைக் கடித்தது. இரண்டு பேரும் சொல்வது சரிதான், இரண்டு பேரும் பாவம்தான், இதில் யாரை யார் கடிந்துகொள்வது என்று குழாயடியில் நின்று கொஞ்சம் அழுதேன்.

அந்த வாரக் கடைசியில் புகை மோசமாகி, தொடக்க வகுப்புகளை ஆன்லைனில் நடத்தச் சொல்லிவிட்டார்கள். அப்டேட்டுக்கு மேல் அப்டேட். அவரவர் வீட்டில் ஃபோனை நிறுத்திவைத்துப் பாடம் நடத்தினோம். நேரில் கேட்கிற அக்காவின் கொஞ்சக் குரலும் ஃபோனுக்குள் போனால் இரைச்சல்தான். பிள்ளைகள் பக்கத்தில் அம்மாக்கள், சில வீட்டில் அப்பாக்களும். வகுப்பறையில் குசுகுசுவென்று சமாளித்த பிள்ளைகள் அம்மா மடியில் உட்கார்ந்ததும், டீச்சர் பேசுவது கேட்கவில்லை என்று சிணுங்கின. ஒன்றிரண்டு பயந்து அழுதன. சில பெற்றோர் எழுத்துமூலம் புகார் கொடுத்துவிட்டார்கள். புகை குறைந்து பள்ளி திறந்த அன்று அதிகாலையில் வந்த அப்டேட்டில், ஒன்றாம் வகுப்பை இன்று முதல் இரண்டாம் வகுப்போடு சேர்த்து நடத்தவும், ஒன்றாம் வகுப்பு ஆசிரியை விடுமுறை வரை நூலகப் பணி பார்ப்பார் என்று இருந்தது. கீழே கும்பிடுகள்.

நான் ஸ்கூட்டியை நிறுத்தியதும் நேராகத் தலைமையாசிரியை அறைக்குத்தான் போனேன்.

"மேம், அவங்கள கேட்டீங்களா?"

"கேட்டா என்ன சொல்வாங்கன்னு தெரியாதா? பேரண்ட்ஸ் ரைட்டிங்ல குடுத்திருக்காங்க. நான் மேனேஜ்மென்ட்டுக்கு என்ன சொல்றது? அவங்களுக்கும் கொஞ்சம் ரெஸ்ட்தானே."

"ரெஸ்ட் எதுக்கு மேம்? வெட்டி எடுக்கப்போற ஒண்ணுக்கு ரெஸ்ட் எதுக்கு?"

என் வாய் அப்படித்தான். சொன்னபிறகுதான் என் காதுக்கே அது எட்டியது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எவருக்கும் புகார்க் கடிதம் ஒரு பக்கமும் மனசு ஒரு பக்கமுமாகத்தான் இருக்கும்.

"காலைல ஒரு பீரியட்" என்றார் கடைசியில். "அட்டென்டென்ஸ், ரீடிங். மீதி நாள் பூரா நீங்க பாத்துக்கணும், ரெண்டு கிளாஸும். பேரண்ட்ஸ் கிட்ட நான் பேசிக்கறேன்."

"பாத்துக்கறேன் மேம்."

அந்த நாட்கள் எப்படி ஓடின என்று கேட்டால், சத்தமாக ஓடின என்றுதான் சொல்வேன். இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் ஓர் அறையில் அடைத்து, ஒரு பெஞ்சில் நான்கு பேராக உட்காரவைத்து, ஒரு பக்கம் கழித்தல் கணக்கு, ஒரு பக்கம் படத்துக்கு வர்ணம். 'மேம், இவன் என்னை தக்கா குடுத்துத் தள்ளினான்', 'மேம், இவ என் ரப்பரை சாப்டா' என்று ஓயாத பஞ்சாயத்து. எனக்கும் மத்தியானத்துக்குள் தொண்டை போய்விடும். ஆனால் மறுநாள் காலை அது முழுசாகத் திரும்பி வந்துவிடும். அப்படி வரும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருந்தது.

அக்கா தன் ஒரு பீரியடில் விடாமல் வேலை செய்தார். ஒவ்வொருவராக வரி வாசிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரு சிறுமி. அப்பா மதுரை, அம்மா மீரட், வீட்டில் தமிழே கிடையாது. விடுமுறைக்குச் சில நாள் முன்பு அவளும் விரலை வைத்து, 'மாடு புல் தின்றது' என்று தட்டுத்தடுமாறி முடித்துவிட்டாள். அவளே நம்பாமல் டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு எழுந்தபோது, மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. அதற்குள் காலைக் குரலும் பாதியாகிவிட்டிருந்தது. சில நாள் வருகைப் பதிவு முடியும்போதே தீர்ந்துவிடும்.

கணவர் இன்னும் இரண்டொரு முறை வாசலில் வந்து நின்றார். என்னிடம் மறுபடி எதுவும் கேட்கவில்லை. கூட்டிக்கொண்டு போக வந்ததாகச் சொல்லிவிட்டு, அக்காவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொள்வார். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் நடப்பார்கள். கடைசி வேலைநாளுக்கு முந்தின நாளும் அப்படி நின்றார். எனக்குத் தாங்கவில்லை.

"சார், அந்தக் குரல் வீட்டுக்கு வராது. காலைல இங்கதான் வருது. நாளைக்கு நீங்க வாங்க" என்றேன்.

"நான் வந்து இங்க என்ன செய்ய?"

"கடைசி பெஞ்சுல உக்காருங்க. அழக்கூடாது. அழுதா வெளிய அனுப்பிருவேன்."

அவர் மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு மெட்ரோ பக்கம் பார்த்தார்.

கடைசி நாள் பனிமூட்டம். ஒன்பது மணிக்கும் வகுப்பில் டியூப்லைட் எரிந்தது, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இருப்பதே தெரியவில்லை. பாதிப் பிள்ளைகள் ஊருக்கு ரயிலேறிவிட்டதால் வகுப்பு பாதி காலியாக இருந்தது. அக்கா ரெஜிஸ்டரைத் திறந்துகொண்டிருந்தபோது அவர் கணவர் வாசலில் வந்து நின்றார். தலையில் இருந்த குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அக்கா அவரைப் பார்த்தார். பிறகு கதவருகே நின்ற என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எதற்கும் குரலைச் செலவழிக்கவில்லை. கடைசி பெஞ்சைக் கையால் காட்டினார்.

ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் பெரிய ஆள் உட்கார்ந்தால் முழங்கால் மார்பு வரை வரும். அவர் அப்படியே ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மேம், அங்கிள் நியூ அட்மிஷனா?" என்றாள் இருமல் மிட்டாய் கொடுத்த சிறுமி.

அக்கா சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ரெஜிஸ்டரைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். வராதவர்கள் பெயரையும் விடவில்லை. கூப்பிட்டு, காத்திருந்து, புள்ளி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போனார். சில பெயர்கள் முழுசாக வந்தன, சில பெயர்களில் நடுவில் ஓர் எழுத்து காணாமல் போனது. 'உள்ளேன் டீச்சர்', 'உள்ளேன் டீச்சர்' என்று பிள்ளைகளும் அதே தணிந்த சத்தத்தில் சொன்னார்கள். அவர் கணவர் குல்லாயைப் பிசைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். சொன்னபடியே அழவில்லை.

கடைசிப் பெயரும் முடிந்தது. அக்கா ரெஜிஸ்டரை மூடவில்லை. நிமிர்ந்து கடைசி பெஞ்சைப் பார்த்தார். பிறகு, மற்றப் பெயர்களைக் கூப்பிட்ட அதே தொனியில், இனிஷியலோடு, அவர் பெயரைக் கூப்பிட்டார்.

அக்கா வயதில், அக்காவின் ஊர்ப் பக்கத்தில், பல பெண்கள் கணவர் பெயரைச் சொல்வதில்லை. அக்காவுக்கும் கணவர் என்றைக்கும் 'அவிய'தான். ஆஸ்பத்திரியில் கேட்டால்கூடத் திரும்பி அவர் முகத்தைப் பார்ப்பார், அவரே முன்னால் வந்து தன் பெயரைச் சொல்லிக்கொள்வார். இத்தனை வருடப் பழக்கத்தில் அந்தப் பெயரை அக்கா வாயால் நான் கேட்டதே இல்லை. அந்த மனிதரும் கேட்டதில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

"அங்கிள், உள்ளேன் டீச்சர் சொல்லுங்க" என்று முன் வரிசையிலிருந்து ஒரு குழந்தை எடுத்துக்கொடுத்தது. "இல்லாட்டி ஆப்சென்ட் போட்டுருவாங்க."

அக்கா இன்னொரு தடவை கூப்பிட்டார். இந்த முறை பெயர் பாதியில் உடைந்து, மீதி காற்றாக வந்தது. கணவருக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. பதில் சொல்லத்தான் வாயெடுத்தார். சொல்லவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணை அக்காவிடமிருந்து எடுக்காமல் நின்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பதில் சொல்லிவிட்டால் அக்கா ரெஜிஸ்டரை மூடிவிடுவார்.

பிள்ளைகள் அங்கிளுக்குக் காது கேட்கவில்லை என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அக்கா ஒரு கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, மூன்றாவது முறையும் கூப்பிட்டார்.